பற்றீரியா விளைக்கும் பிளாஸ்டிக்



உக்காத பொருள் என்று ஒன்றைக் குறைகூறும் வழக்கம் மிக அண்மையிலே தோன்றியது. நம் முன்னோர் உக்காமையையே ஒரு பொருளின் உயர்குணமாகக் கொண்டனர். வீடு கட்டுவோர் வளைக்கும் தீராந்திக்கும் வயிரமேறிய பனையைத் தேடியதும், முதிரை மரத்துக்குப் பெருவிலை கொடுத்ததும், கறையானும் ஈரமும் அவற்றை எளிதில் அணுகமாட்டா என்பது பற்றியே. இருபதாம் நூற்றாண்டின் இரசாயன அறிஞரும் அவ்வாறே எண்ணினர். 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் வின்னிங்ரன் என்னுமிடத்தில், இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ற்றீஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில், எரிக் போசெற், றெஜினால்ட் கிப்சன் என்னும் இருவர் எதிலீன் வாயுவை வேறொரு பொருளோடு சேர்த்துப் பேரமுக்கத்துக்கு உட்படுத்தினர். பரிசோதனை முடிந்தபின் பாத்திரத்தைத் திறந்து பார்த்தபோது வெண்ணிற மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருந்தது. அதுவே இன்று நாம் பொலித்தீன் என வழங்கும் பொருள். மழையில் ஊறாது; பூச்சி தின்னாது; மண்ணிற் புதைத்தாலும் மாறாது. இத்தனை குணமும் ஒருங்கே அமைந்த பொருளை உலகம் இரு கையும் நீட்டி வரவேற்றதில் வியப்பில்லை.

இன்று உலகத்தில் ஆண்டுதோறும் செய்யப்படும் பிளாஸ்டிக் வகைகள் யாவற்றையும் கூட்டினால் 40 கோடி தொன்னுக்கு மேற்படும். அவற்றில் ஒரு பெரும் பகுதி சில நாளோ சில நிமிடமோ பயன்பட்டு எறியப்படுகின்றது. எறியப்பட்டது உக்குவதில்லை என்பதன் பொருள் யாது என்பதை நம் நாட்டின் மேற்குக் கரையில் வாழ்வோர் 2021ஆம் ஆண்டில் நேரிற் கண்டனர். கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் கரைமணலோடு கலந்து கிடந்த காட்சியை எளிதில் மறக்க இயலாது.

இவ்வுரையில் நாம் கூற எடுத்துக்கொண்டது வேறொரு பிளாஸ்டிக்கின் வரலாறு. அதனை ஆக்குவது பற்றீரியா. அதனைத் தின்று தீர்ப்பதும் பற்றீரியாவே. பொலித்தீனுக்குச் சில ஆண்டுகள் முன்னரே கண்டறியப்பட்ட அப்பொருள் இன்னும் நம் அங்காடிகளில் இடம்பெறாமைக்கு அறிவுக்குறை காரணமன்று. காரணம் பெரும்பாலும் ஒன்றே: அந்தப் பற்றீரியாவுக்கு எதனை உணவாக இடுவது என்னும் கேள்வி.

பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் 1920களில் மொறிசு லெமுவாஞ் என்னும் பிரெஞ்சு அறிஞர், மண்ணில் வாழும் பசிலசு என்னும் பற்றீரியா இனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பற்றீரியாக்களை உணவேதும் இல்லாத காய்ச்சி வடித்த நீரில் இட்டு வைத்தால் அந்நீர் மெல்ல மெல்லப் புளிப்பேறுவதை அவர் கவனித்தார். உணவில்லாத இடத்தில் அமிலம் எங்கிருந்து வந்தது? தேடிச் சென்றவர் முதலில் அவ்வமிலம் இன்னதென அறிந்தார். பீற்றா ஐதரொட்சி பியூற்றிரிக்கமிலம் என்பது அதன் பெயர். நீரிழிவு முற்றிய நோயாளரின் குருதியிலும் சிறுநீரிலும் மிகுந்து காணப்படுவதாகையால் வைத்தியருக்கு அது புதியதன்று. பின்னர், அவ்வமிலத்தைத் தந்த மூலப்பொருளையும் அவர் பற்றீரியாவின் உடலினின்று பிரித்தெடுத்தார். நீரிற் கரையாத, குளோரோபோமிற் கரைகின்ற திண்பொருள் அது. அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மணிமாலைபோல் நீண்ட சங்கிலியாக அமைந்திருந்தன. பட்டினி கிடந்த பற்றீரியா அச்சங்கிலியை அறுத்து உண்ண முற்பட்டதனாலேயே நீர் புளித்தது. இம்முடிவை லெமுவாஞ் 1926ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொலி ஐதரொட்சி பியூற்றிரேற்று என்னும் அப்பொருளின் நீண்ட பெயரை அறிஞர் பீ. எச். பீ. எனச் சுருக்கி வழங்குவர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

நுணுக்குக்காட்டியில் பற்றீரியாவைப் பார்ப்போர் அதன் உடலினுள் ஒளிரும் சிறு மணிகளை முன்னரே கண்டிருந்தனர். கொழுப்பென்று கருதி விட்டுவிட்டனர். லெமுவாஞ் அது கொழுப்பன்று எனக் காட்டிய பின்னரும் உலகம் நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிரெஞ்சுமொழிச் சஞ்சிகைகளில் எழுதினார் என்பது ஒருபுறமிருக்க, ஆயிரக்கணக்கான சிறு பகுதிகள் ஒன்றாய்க் கோத்த பெருமூலக்கூறு உலகில் உண்டு என்பதையே அக்காலத்து இரசாயன அறிஞர் பலர் ஒப்பவில்லை. 1920இல் அக்கருத்தை எடுத்துரைத்த ஜேர்மனிய அறிஞர் எர்மன் ஸ்ரோடிங்கர் பல்லாண்டுகள் எதிர்ப்புக்கு ஆளானார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இலேயே. அத்தகைய காலத்தில் ஒரு கிருமியின் வயிற்றில் பல்பகுதியம் இருக்கின்றது என்று ஒருவர் எழுதினால் அதனை இரசாயனர் படிப்பதில்லை; கிருமிநூலார் படித்தாலும் அதன் பயனை அறிவதில்லை.

அம்மணிகள் எதற்காக உள்ளன என்னும் வினாவுக்குத் தெளிந்த விடை 1958ஆம் ஆண்டு எடின்பரோப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மக்றே, வில்கின்சன் என்னும் இருவர் பற்றீரியாவுக்கு இடும் உணவின் அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தனர். உயிர் வளர்ந்து இரண்டாய்ப் பிளப்பதற்குப் புரதம் வேண்டும். புரதத்துக்கு நைதரசன் வேண்டும். நைதரசன் அருகிச் சீனி போன்ற காபன் உணவு பெருகியிருந்தால் பற்றீரியா பெருக முடியாமலும் உணவைக் கைவிட மனமில்லாமலும் நிற்கின்றது. அவ்வேளையில் கிடைத்ததையெல்லாம் பீ. எச். பீ. ஆக மாற்றி உள்ளே அடுக்கிக்கொள்கின்றது. சீனியைச் சீனியாகவே சேமித்தால் அது உடலினுள் கரைந்து புறநீரை உள்ளிழுத்து உயிரணுவையே வெடிக்கச் செய்துவிடும். கரையாத பல்பகுதியத்தால் அவ்விடர் இல்லை. பின்னர் உணவு அற்றுப்போகும் நாளில் மணிகளைச் சிறிது சிறிதாகக் கரைத்து உயிர் தரிக்கின்றது. போகம் நன்றாக விளைந்த ஆண்டில் நெல்லைக் குதிரில் நிரப்பி, மழை பொய்த்த ஆண்டில் எடுத்து உண்ட உழவனின் வழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இவ்விளக்கத்திலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். பற்றீரியாவைப் பிளாஸ்டிக் செய்யத் தூண்ட வேண்டுமாயின் அதற்குக் காபனை அள்ளிக் கொடுத்து நைதரசனையோ பொசுபரசையோ மறைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. அப்பொருள் உண்பதற்கென்றே ஆக்கப்பட்ட பண்டம் என்பது மற்றொன்று. ஒரு பற்றீரியா செத்தால் அதன் குதிரைக் கொள்ளையிட மண்ணிலும் கடலிலும் எண்ணிறந்த பிற பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் அதற்குரிய நொதியங்களோடு காத்திருக்கின்றன. ஆகையால் இப்பொருள் உக்குகின்றது. எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உக்கும் என்றால் மறுநாளே மறைந்துவிடும் என்று கொள்ளலாகாது. வெதுவெதுப்பான மண்ணில் மெல்லிய தகடு சில வாரங்களிலோ மாதங்களிலோ மறையும். தடித்த போத்தல் குளிர்ந்த கடலடியில் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். தாவரத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றுபோல் உக்கும் என்பதும் தவறு. சோளச் சீனியிலிருந்து பெறும் பொலி இலற்றிக்கமிலம் என்பது இன்று பெரிதும் விற்பனையாகும் பொருள். ஆயினும் அது விரைந்து உக்குவதற்கு வெப்பம் மிகுந்த பெரும் எருக்கிடங்கு வேண்டும், வீட்டுக் கோடியிலுள்ள குப்பைக் கிடங்கு போதாது.

பீ. எச். பீ. யைப் பண்டமாக்க முதலில் முயன்றது அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிறேசு கம்பனி. 1959ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய அம்முயற்சிக்கு 1962இல் பாப்ரிஸ்ற் என்பவர் பெயரில் உரிமைப்பத்திரங்கள் பெறப்பட்டன. சத்திரசிகிச்சையில் புண்ணைத் தைக்கும் நூலாக இதனைப் பயன்படுத்தினால், புண் ஆறியபின் நூல் உடலிலேயே கரைந்துவிடுமன்றோ என்று அவர்கள் எண்ணினர். விளைச்சல் குறைவாக இருந்தமையாலும், பற்றீரியாவின் பிற பொருள்களிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுப்பது அரிதாக இருந்தமையாலும் கம்பனி அதனைக் கைவிட்டது. ஆயினும் எண்ணம் பொய்க்கவில்லை. இப்பொருளுக்கு உடன்பிறப்பான மற்றொரு பற்றீரியாப் பல்பகுதியத்தால் செய்த தையல் நூலை 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் அனுமதித்தது. மிகச் சிறிதளவு பொருளுக்கு மிகப் பெரிய விலை கொடுக்கச் சத்திரசிகிச்சைக் கூடம் தயங்குவதில்லை. சந்தைக்குப் பை கொண்டு செல்பவர் தயங்குவார். இவ்வரலாற்றின் இடர் முழுவதும் அத்தயக்கத்திலேயே அடங்கியிருக்கின்றது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. பெற்றோலியத்தை நம்பிப் பிளாஸ்டிக் செய்தோர் திகைத்தனர். அவர்களுள், நாற்பதாண்டுகளுக்கு முன் பொலித்தீனைக் கண்டறிந்த அதே இம்பீரியல் கெமிக்கல் கம்பனியும் இருந்தது. அக்கம்பனி அப்பொழுது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள பில்லிங்கம் என்னுமிடத்தில் மெதனோலை உண்ணும் பற்றீரியாவை வளர்த்து, அதனைக் கால்நடைத் தீவனமாக்கும் பெருந்தொழிலில் இறங்கியிருந்தது. புறூற்றீன் என்னும் அத்தீவனத்துக்காக அமைத்த நொதித்தற் கலம் உலகத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சோயாவின் மலிவுக்கு முன் தீவனம் விலைபோகவில்லை. தொழில் நட்டமடைந்தது, ஆனால் பற்றீரியாவைப் பேரளவில் வளர்க்கும் கலை கம்பனியின் கையில் எஞ்சியது. அக்கலையை அவர்கள் பீ. எச். பீ. க்குத் திருப்பினர்.

தெரிந்தெடுக்கப்பட்ட பற்றீரியாவைப்பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் தகும். ஜேர்மனியில், கெற்றிங்கன் நகர்ப் பக்கத்தில், ஐதரசன் வாயுவை உண்டு வாழும் கிருமிகளைத் தேடியவர்கள் கண்டெடுத்த இனம் அது. முதலில் அதற்கு ஐதரசனோமோனசு என்று பெயரிட்டனர். பில்லிங்கம் ஆலை அதனை எடுத்துக்கொண்ட காலத்தில் அல்காலிசெனசு என வழங்கிற்று. பின்னர் றல்ஸ்ரோனியா என்றாயிற்று; அதன்பின் வோற்றேர்சியா; இப்பொழுது குப்பிறியாவிடசு. ஐந்து முறை பெயர் சூட்டப்பட்ட அவ்வுயிர் தன் தொழிலை மட்டும் ஒருமுறையும் மாற்றிக்கொள்ளவில்லை. இயல்பில் அது குளுக்கோசை உண்ணாது. உண்ணும் வகையில் திரிபடைந்த ஒரு குலத்தைக் கம்பனி பயன்படுத்திற்று. கலத்தினுள் முதலில் எல்லா ஊட்டமும் கொடுத்து அதனைப் பெருக்குவர். பொசுபேற்று தீர்ந்தவுடன் பெருக்கம் நிற்கும். அப்பொழுது குளுக்கோசை மேலும் மேலும் வார்ப்பர். முடிவில் உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் நூறு இறாத்தல் பற்றீரியாவில் எண்பது இறாத்தல் வரை பிளாஸ்டிக்காக இருக்கும். உயிர் என்பது அங்கே வெறும் உறையாய் நிற்கின்றது.

இவ்வாறு பெற்ற பொருள் பார்வைக்குப் பொலிபுரொப்பிலீனை ஒத்தது; ஆனால் வளைத்தால் ஒடியும். உருகும் வெப்பநிலைக்கும் சிதையும் வெப்பநிலைக்கும் இடைவெளி குறுகியதாகையால் அச்சில் வார்ப்போருக்கும் தொல்லை. குளுக்கோசோடு புரொப்பியோனிக்கமிலத்தையும் சேர்த்து ஊட்டினால், பற்றீரியா தன் மாலையில் வேறொரு வகை மணியையும் இடையிடையே கோத்துவிடுகின்றது என்பதைக் கம்பனியின் ஆய்வாளர் கண்டனர். அவ்வாறு பெற்ற கலப்புப் பொருள் மென்மையும் உரமும் உடையது. பயோபொல் என்னும் பெயருடன் அது வெளிவந்தது. 1990ஆம் ஆண்டு ஜேர்மனியில் வெல்லா கம்பனி தலைமுழுகும் சம்பூவை இப்பொருளாற் செய்த போத்தலில் அடைத்து விற்றது. உணவேயில்லாத நீரில் பட்டினி கிடந்த பற்றீரியாவை லெமுவாஞ் கவனித்த நாளுக்கும் இப்போத்தலுக்கும் இடையே ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

போத்தல் நன்றாயிருந்தது, விலைதான் ஒவ்வாதது. பெற்றோலியப் பிளாஸ்டிக்கைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட விலை. அதற்குப் பின் வந்த கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1993இல் கம்பனி இரண்டாகப் பிரிந்து பயோபொல் செனெக்காவின் வசமாயிற்று. 1996இல் மொன்சான்ரோ அதனை வாங்கிற்று. பற்றீரியாவின் மரபணுக்களைச் செடியிற் புகுத்திச் செடியையே பிளாஸ்டிக் விளைக்கச் செய்யலாம் என 1992இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டியிருந்தமையே மொன்சான்ரோவின் ஆசைக்குக் காரணம். செடி விளைத்த அளவு போதாததாயிற்று. 1990களின் முடிவில் அதுவும் கைவிட்டது. 2001இல் உரிமைகளைப் பெற்ற மெற்றபொலிக்ஸ் என்னும் கம்பனி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிளின்ரன் நகரில் பெரும் தானிய வணிகக் கம்பனியொன்றுடன் கூடி, ஆண்டுக்கு 50,000 தொன் செய்யத்தக்க ஆலையை எழுப்பியது. அங்கே சோளச் சீனி உணவாயிற்று. 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டாளி விலகிக்கொள்ள, ஆலை ஓய்ந்தது. கெண்டக்கி மாநிலத்தில் கனோலா எண்ணெயைக் கொண்டு இவ்வினப் பிளாஸ்டிக்கைச் செய்த டானிமர் என்னும் கம்பனியும் 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடிற்று. தாவர எண்ணெயை ஊட்டி இத்தொழிலை நடத்தும் யப்பானியக் கம்பனியான கனெக்கா, 2019இல் ஆண்டுக்கு 5,000 தொன் செய்யத்தக்க நிலையை அடைந்தது. 40 கோடி தொன்னோடு ஒப்பிட்டால் இஃது எம்மட்டு?

ஆலைக்குமேல் ஆலை இவ்வாறு தளர்ந்தமைக்குக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ எதிலீன் வாயுவிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ பொலித்தீன் கிடைக்கின்றது. ஒரு கிலோ பீ. எச். பீ. க்கோ ஏறத்தாழ மூன்று கிலோ சீனி வேண்டும். மற்றிரண்டு கிலோவும் எங்கே போயின? பற்றீரியா உயிருள்ளது, அது மூச்சுவிடுகின்றது, அதன் மூச்சிலே காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் அவை போயின. இதன்மேல் கலத்துக்குக் காற்றூதும் செலவு, பற்றீரியாவை நீரினின்று பிரித்து உடைக்கும் செலவு. எல்லாச் செலவையும் கூட்டினால் அதில் ஏறத்தாழப் பாதி வரை ஊட்டும் உணவின் விலையே என்று இத்துறை வல்லுநர் மதிப்பிட்டுள்ளனர். விலைக்கணக்கை விட்டாலும், மனிதர் உண்ணத்தக்க சீனியில் மூன்று பங்கைக் கொடுத்து எறிந்துவிடும் பையில் ஒரு பங்கைப் பெறுவது எந்த நாட்டு மக்களுக்கும் உவப்பான பண்டமாற்று ஆகாது.

ஆகவே, பற்றீரியாவுக்கு ஆலைக் கழிவை ஊட்டினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. இவ்வழியில் முன்சென்ற நாடுகளுள் பிரேசில் ஒன்று. சா போலோ மாநிலத்துச் செரானா என்னும் ஊரிலுள்ள சீனி ஆலையை ஒட்டி 1995ஆம் ஆண்டில் ஒரு சிற்றாலை அமைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஐம்பது தொன் அளவு அங்கே விளைந்தது. உணவு அங்கும் கரும்புச் சீனியே எனினும் பிற செலவுகளை ஆலையின் மிச்சங்கள் தாங்கின. கொதிகலனுக்கும் மின்சாரத்துக்கும் கரும்புச் சக்கையை எரித்தனர். பற்றீரியாவிலிருந்து பிளாஸ்டிக்கைக் கரைத்தெடுக்கும் திரவத்தை வெளியே வாங்கவில்லை. பக்கத்து மதுசார வடிசாலையில் கழிவாக எஞ்சும் மதுசார எண்ணெயையே பயன்படுத்தினர். கரும்பு விளைந்த மண்ணிலிருந்தே சீனியை நேரே உண்ணும் புதிய பற்றீரியா இனம் ஒன்றையும் அந்நாட்டு ஆய்வாளர் கண்டெடுத்தனர். ஓர் ஆலையின் கோடியில் இன்னோர் ஆலையை வைத்த அவ்வேற்பாட்டை நான் பில்லிங்கத்துப் பெருங்கலத்தினும் மேலாக மதிக்கின்றேன்.

ஐரோப்பாவில் ஆய்வாளர் பாற்கட்டி ஆலைகளை நாடினர். நூறு கிலோ பாலைத் திரைத்தால் பத்துக் கிலோ அளவு பாற்கட்டி கிடைக்கும். எஞ்சிய தொண்ணூறும் தெளிநீர். அதில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு பாற்சீனி கரைந்திருக்கின்றது. ஆற்றில் விட்டால் அது நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி மீன்களை மாய்க்கும். ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரத்து ஆய்வாளர் அத்தெளிநீரை உண்ணும் உயிர்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று ஸ்பானிய நாட்டு உப்பளத்தில் வாழ்வது. உப்பு விளையும் தறுவாயில் வயல்நீர் செந்நிறம் கொள்வதைக் கண்டவர்கள் அவ்வினத்து உயிர்களைக் கண்டவர்களே. கடும் உப்பிலே வேறு கிருமி வாழாதாகையால் கலத்தைக் கிருமிநீக்கம் செய்யும் தொல்லை குறைவு. அதனைவிட அழகானது அறுவடை: உப்பில் வாழ்ந்த அவ்வுயிரை நன்னீரில் இட்டால் அது தானே வெடித்து மணிகளை வெளியே சிந்திவிடும். கரைக்கும் திரவம் ஏதும் வேண்டியதில்லை. ஆனால் எஞ்சிய உப்புநீரை எங்கே விடுவது என்னும் புதிய இடர் வந்து சேர்ந்தது.

கழிவை நம்புவோர் முன் வேறோர் இடரும் நிற்கின்றது. கழிவு என்பது எவரும் வேண்டாதவரையிலேயே கழிவு. பாற்றெளிநீரை உலர்த்திப் புரதத் தூளாக விற்கலாம் என்று தெரிந்தபின் அது கழிவாக இருக்கவில்லை. சீனி ஆலையில் மிஞ்சும் மொலாசசு என்னும் கரிய பாகு மதுசாரமாக வடிக்கப்படுவதை நம் நாட்டிலும் அறிவோம். அதற்கு விலை உண்டு. இலவசமாகக் கிடைக்கும் என்று ஆய்வுகூடத்தில் எழுதிய கணக்கு, ஆலை எழுந்து வாங்குவோர் வந்து நின்றதும் மாறிவிடுகின்றது. அவ்வாறாயின் எவரும் விரும்பாத கழிவு யாது? அழுக்கேறிய, நீர்த்துப்போன, நாளுக்கு நாள் குணம் மாறுகின்ற கழுவுநீரே. அதனைக் கொண்டு செல்லவும் கூலி கட்டாது. உலர்த்தவும் விறகு கட்டாது.

அத்தகைய நீரிலே பீ. எச். பீ. இனத்துப் பொருள் இயற்கையாகவே இருக்கின்றது என்பது 1974ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நகரத்துக் கழிவுநீரைக் காற்றூட்டித் தூய்மை செய்யும் முறை 1914இல் மான்செஸ்ரர் நகரில் தோன்றியது. அதிலே பற்றீரியாக்கள் கூட்டமாய்த் திரண்டு சேறாகப் படியும். அச்சேற்றிலிருந்து வொலன், றோவெடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இப்பல்பகுதியத்தைப் பிரித்தெடுத்தனர். அதில் ஒருவகை மணி மட்டும் இருக்கவில்லை. பலவகை மணிகள் கலந்து கோக்கப்பட்டிருந்தன. பில்லிங்கத்தார் புரொப்பியோனிக்கமிலம் ஊட்டிப் பெற்ற கலப்பைச் சாக்கடை தானாகவே செய்துவைத்திருந்தது.

ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் பல்கலைக்கழகத்தார், மார்க் வான் லூஸ்றெக்ற் என்பவரின் குழுவில், அச்சேற்றையே ஒரு பள்ளிக்கூடமாக்கினர். தூய இனம் ஒன்றை வாங்கி வந்து கிருமிநீக்கிய கலத்தில் காவல்வைத்து வளர்ப்பதற்கு மாறாக, கலப்புச் சேற்றைத் திறந்த கலத்திலிட்டு விருந்தும் பஞ்சமும் மாறிமாறி வருமாறு செய்தனர். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை உணவு வார்க்கப்படும். சிறிது நேரத்தில் அது தீர்ந்துவிடும். எஞ்சிய மணிநேரம் முழுதும் பட்டினி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கலத்தில் பாதி வெளியேற்றப்படும். விருந்துக் காலத்தில் விரைந்து பதுக்கிக்கொள்ளாத இனம் பஞ்சக் காலத்தில் பெருக மாட்டாது. வெளியேறும் நீரோடு சுற்றுக்குச் சுற்று குறைந்து மறையும். முடிவில் பெரும் பதுக்கற்காரரே கலத்தை ஆள்வர். அவ்வாறு வென்ற ஒரு பற்றீரியா, நைதரசன் இல்லாமல் அசற்றேற்று மட்டும் ஊட்டியபோது, எட்டு மணிநேரத்துக்குள் தன் உலர்நிறையில் நூற்றுக்கு 89 பங்கு வரை பிளாஸ்டிக்கை நிரப்பிக்கொண்டது. 2009ஆம் ஆண்டு இச்செய்தி வெளிவந்தது. பின்னர் அவ்வினத்துக்குப் பிளாஸ்ரிசிகியுமுலான்சு எனப் பெயரிட்டனர். பிளாஸ்டிக்கைக் குவிப்பது என்பது பொருள்.

ஆய்வுகூடத்து அசற்றேற்றை விட்டு உண்மையான ஆலைக்கழிவோடு இம்முறையை அவர்கள் சோதித்த இடம் அந்நாட்டு வெகெல் நகரிலுள்ள மார்ஸ் இனிப்பு ஆலை. கழுவுநீரில் சீனியும் கொழுப்பும் கலந்திருக்கும். அதனை முதலில் காற்றில்லாத கலத்தில் புளிக்கவிட்டனர்; சீனி சிறிய அமிலங்களாக மாறியது. அடுத்த கலத்தில் விருந்தும் பஞ்சமும் நடத்திப் பதுக்கற்காரரைத் தேர்ந்தனர். மூன்றாவது கலத்தில் அவற்றுக்கு அமிலத்தை வயிறாரக் கொடுத்தனர். 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி நூற்றுக்கு எழுபது பங்கு அளவு பிளாஸ்டிக் சேர்ந்தது. புளிக்காமல் எஞ்சிய கொழுப்பும் கசடும் இல்லையாயின் இன்னும் சேர்ந்திருக்கும்.

இம்முறையில் கணக்கு வேறுவகையாகத் தொடங்குகின்றது. ஆலை அந்நீரை எவ்வாறாயினும் தூய்மை செய்தே ஆற்றில் விட வேண்டும், அது சட்டம். காற்றூதும் செலவும் படிந்த சேற்றை அகற்றும் செலவும் முன்னரே ஆலையின் தலையில் உள்ளன. பிளாஸ்டிக்கோடு வெளியேறும் காபன் அச்செலவிலே ஒரு பகுதியைக் குறைக்கின்றது. உணவுக்கு விலையில்லை, கிருமிநீக்கம் இல்லை. ஆயினும் இரண்டு தடைகள் எஞ்சியுள்ளன. சேற்றிலிருந்து பெறும் மணிகளை நிறமும் வாடையும் இன்றித் தூய்மை செய்வது ஒன்று. அமிலங்களின் கலவை மாறினால் மாலையில் கோக்கப்படும் மணிகளின் கலவையும் மாறும் என்பது மற்றொன்று. புரொப்பியோனிக்கமிலம் மிகுந்த நாளில் மெதுவான பிளாஸ்டிக்கும் குறைந்த நாளில் கடினமான பிளாஸ்டிக்கும் கிடைக்கும். அச்சில் வார்ப்பவரோ திங்கட்கிழமை வாங்கிய பொருளே வெள்ளிக்கிழமையும் வேண்டும் என்பார். இனிப்பு ஆலை நாளுக்கொரு பண்டம் செய்கின்றது. அதன் கழுவுநீரும் அதற்கேற்ப மாறுகின்றது. புளிக்கவிடும் முதற்கலத்தின் வெப்பத்தையும் புளிப்பையும் நேரத்தையும் கட்டுப்படுத்தி, எந்த நீர் வந்தாலும் ஒரே வகை அமிலக் கலவையை வெளிவிடச் செய்வதே இப்பொழுது இத்துறைப் பொறியியலாளர் ஈடுபட்டிருக்கும் வேலை.